வின்சன்ற் மாஸ்டரின் சமன்பாடுகள்

குருநகரைச் சேர்ந்த யசிந்தா, யாழ்ப்பாண நகரில் ஒரு கல்வி நிலையத்தின் கொம்பியூட்டர் அறையில் வேலை செய்தாள். அங்கே இருந்தது யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரேயொரு இயந்திரம். அவளுடைய கணவர் வின்சன்ற் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறவர். தன் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு நுண்கணிதப் புத்தகம் எழுதி முடித்திருந்தார். ஆனால் அச்சகத்தில் தொகையீட்டுக் குறிகளுக்கு அச்செழுத்து இல்லை.

"சமன்பாடுகளை மட்டும் ஆரும் தெளிவா அடிச்சுத் தந்தால், நான் அதைப் படமெடுத்துப் புளொக் செய்து அச்சிலை போடுவன்" என்றார் அச்சகக்காரர் கிறகோரி.

1989இல், நோர்வேயில் படித்துக்கொண்டிருந்த வின்சன்றின் தம்பி கனிசியஸ், ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கொம்பியூட்டர் நாடாவைக் கொடுத்தனுப்பினான். கணிதத்தை அழகாக அச்சிடும் மென்பொருளின் மூலநிரல் அதில் இருந்தது. யாரும் இலவசமாக எடுத்து, திருத்தி, தங்கள் இயந்திரத்தில் ஓடவைக்கலாம்.

ஓடவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அது வேறு வகை யூனிக்சுக்கு எழுதப்பட்டது. மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைல் வேலையைத் தொடங்கியதுமே திரை முழுக்கப் பிழைகள் ஓடின. அது கேட்ட கோப்பு இங்கே வேறு பெயரில் இருந்தது. அது கூப்பிட்ட கட்டளைகள் சில இங்கே இல்லவேயில்லை. யசிந்தா மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தாள். ஒரு பிழை தீர்ந்தால் அதற்குக் கீழேயிருந்த பத்தும் மறையும். சிலவேளை புதிதாக இருபது முளைக்கும்.

அந்த மாரியில் வின்சன்றின் கால்கள் வீங்கின. சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள். ஒருமுறை கொழும்புக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துத் திரும்பியவர், இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த மே மாதம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்தார். அவருடைய தாய் செபஸ்தியம்மா பக்கத்தில் இருந்தாள். யசிந்தா வேலை முடிந்து வருவாள்.

"இண்டைக்கு எத்தினை பிழை?" என்று ஒருநாள் கேட்டார் வின்சன்ற்.

"ஒண்டுமில்லை. முழுக்கக் கொம்பைல் ஆயிட்டுது."

"பேந்தேன் முகம் உப்பிடி வாடிக்கிடக்கு?"

"ஓடுது, ஆனால் எழுத்துக்குப் பதிலாக் குப்பைதான் விழுது. பிழையெண்டு சொன்னால் திருத்தலாம். சொல்லாமல் ஒளிச்சிருக்கிறதை எங்கை போய்த் தேடுறது?"

"கடைசியா என்ன மாத்தினனீர்?"

"ஓரிடத்திலை இருக்கிறதை இன்னோரிடத்துக்குப் பிரதி பண்ணுற கட்டளை. அது எங்கடை மிசினிலை இல்லை. அதே வேலை செய்யிற எங்கடை கட்டளையின்ரை பேரைப் போட்டன்."

"எதிலையிருந்து எதுக்கு எண்டு அதுக்குச் சொல்லவேணுமெல்லோ? ரெண்டிலையும் ஒரே ஒழுங்கோ?"

யசிந்தாவுக்குச் சட்டென்று விளங்கியது. மென்பொருளில் இருந்த கட்டளை 'எதிலிருந்து' என்பதை முதலில் கேட்கும். இங்குள்ளது 'எதற்கு' என்பதை முதலில் கேட்கும். அவள் பெயரை மாற்றினாளே தவிர ஒழுங்கை மாற்றவில்லை. எழுத்து இருந்த இடத்திலேயே வெறுமையைக் கொண்டுபோய்ப் பிரதி பண்ணிக்கொண்டிருந்தது இயந்திரம்.

அவள் தலையிலடித்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமெடுத்தது.

"நாளைக்குப் போய் மாத்தும்" என்றார்.

மறுநாள் மதியம் பிரிண்டரிலிருந்து முதல் பக்கம் வந்தது. வர்க்கமூலமும் தொகையீடும் நெளிவு சுளிவு பிசகாமல் இருந்தன. அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள்.

காலையிலேயே வின்சன்றுக்கு நினைவு தப்பியிருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை எதிலும் நிற்கவில்லை. தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து காதுக்குள் வாசித்தாள். "எக்ஸ் வர்க்கத்தின் தொகையீடு, மூன்றில் ஒரு பங்கு எக்ஸ் கனம்..." பக்கம் முடியும்வரை வாசித்தாள். செபம் சொல்கிறாளென்று நினைத்த செபஸ்தியம்மா, "ஆமென்" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்று பின்னேரம் அவர் போய்விட்டார்.

ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியது. கரண்ட் நின்றது. கிறகோரி வீடு தேடி வந்தார்.

"தங்கச்சி, மிச்சத்தையும் அடிச்சுத் தாரும். எங்கையாவது ஜெனரேற்றர் ஒண்டு பாப்பம்."

"வேண்டாம் அண்ணை. இனியொரு பிழை வந்தால் நான் ஆரிட்டைப் போய்ச் சொல்ல?"

புத்தகம் வெளிவரவில்லை. 1995இல் சண்டை நெருங்கி ஊரே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, யசிந்தா செபஸ்தியம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மழையில் நடந்தே தள்ளிக்கொண்டு போனாள். அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்த பெண், என்ன வேலை என்று கேட்டாள்.

யசிந்தா செபஸ்தியம்மாவைக் கரியரிலிருந்து இறக்கி வாங்கில் இருத்தினாள்.

"மாமியைப் பாக்கிறன்" என்றாள்.