படித்துறையில் ஒரு ஜோடி செருப்பு

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் காவிரி கரை நிறைய ஓடுகிறது. குளிக்க இறங்குவோரின் செருப்புகளைப் பூக்கடைப் பெண்மணி ஒருவர் தம் கடையோரம் கேட்டு வாங்கி வைக்கிறார். ஒரு ஜோடி சற்று அதிக நேரம் கிடந்தால், உடையவரைத் தேடிக் குரல் எழுப்புவாராம்.

கல்லூரியில் நீச்சலுக்குப் பரிசு பெற்றவன் நான். குளிப்போர் பிடித்துக்கொள்ளக் கட்டிய தடுப்புச் சங்கிலியை விட்டுவிட்டு, முதல் முழுக்கிலேயே மூச்சடக்கி நீருக்குள் நீடிக்கிறேன். எழும்போது, பூக்கடைப் பெண்மணி கூவியழைத்த இருவர் என் கைகளைப் பற்றியிருக்கிறார்கள்.

“எனக்கு நீந்தத் தெரியும், அம்மா!” என்கிறேன், சற்றே கடுமையாக.

“தெரியாதவங்க சங்கிலியை விடவே மாட்டாங்க சார். தெரிஞ்சவங்க செருப்புதான் இங்கேயே கெடந்துடுது.”

பலர் பார்க்க அவருக்குக் கைகூப்புகிறேன். மீதி இரண்டு முழுக்கையும் சங்கிலியைப் பிடித்தபடியே போடுகிறேன்.