உள்ளே மரம் இருந்த கார்

எண்பதுகளின் நடுப்பகுதியில், டென்மார்க்கின் வைலே நகரில் பிரிட்டிஷ் கார்களை விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு கராஜில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே பெயின்ற் அடித்த செபமாலை அண்ணைதான் கூட்டிப்போனார். நெளிந்த தகட்டை நிமிர்த்தும் டிங்கரிங் வேலையில் எத்தனை வருட அனுபவம் என்று முதலாளி கேட்டார். "பத்து" என்றேன். யாழ்ப்பாணத்தில் நான் பார்த்தது சைக்கிள் கடை வேலை.

முதல் நாளே ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பழைய ஆங்கிலக் காரைத் தந்தார்கள். அடுத்த மாதம் மகளின் கல்யாணத்துக்கு அதில்தான் போகவேண்டுமாம். கதவோரம் ஒரு நெளிவு. பத்து வருட அனுபவசாலி அல்லவா, யாரையும் கேட்காமல் காஸ் விளக்கைப் பற்றவைத்துத் தகட்டைச் சூடாக்கினேன். உள்ளேயிருந்து புகை வந்தது. பெயின்ற்தான் கருகுகிறது என்று நினைத்து இன்னும் கிட்டப் பிடித்தேன்.

"டேய், உள்ளுக்கை மரமடா! தண்ணி ஊத்து!" அண்ணை ஓடிவந்தார்.

கைக்கு எட்டியது முதலாளியின் கோப்பிப் பிளாஸ்க். அதை ஊற்றினேன். மிச்சத்தை அண்ணை வாளித் தண்ணீரால் அணைத்தார்.

முதலாளி கத்தவில்லை. அவர் கேட்டதை அண்ணை தமிழில் சொன்னார்: "உண்மையா எவ்வளவு அனுபவம் எண்டு கேக்கிறார்."

"இண்டைக்குக் காலமையிலயிருந்து எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

"அப்ப அந்த அம்மாவிட்டை நீயே போய்ச் சொல்லட்டாம்."

அந்த அம்மா கராஜுக்கு வந்ததும், மனப்பாடம் செய்த டேனிஷ் வாக்கியத்தோடு அவரிடம் போனேன். பயத்தில் வினைச்சொல்லின் காலம் மாறிவிட்டது. "உங்கள் காரை எரிக்கப் போகிறேன்" என்றேன். அவர் பதறி, காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அண்ணை விளக்கியதும் அவர் குனிந்து கருகிய இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "எரித்தவரே செய்யட்டும்" என்றார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அந்தக் காரின் பொடியை, அதாவது மேற்கூட்டை, கட்டிய இங்கிலாந்துக் கம்பனிக்கு முதலாளி எழுதினார். பதில் வந்தது. முதலில் குதிரை வண்டி செய்தவர்களாம். பிறகு மரச்சட்டம் கோத்து, அதன்மேல் கையால் தகடு அடித்துக் கார்ப் பொடி கட்டினார்களாம். இப்போது கார் விற்பது மட்டும்தானாம். கூடவே பழைய வரைபடத்தின் பிரதி ஒன்றும் இருந்தது.

அதைப் பார்த்துச் சட்டம் அறுத்தேன். முதலாவது நீளம் போதவில்லை. இரண்டாவது வளைவு பிழை. மூன்றாவதில் கதவு சத்தமில்லாமல் மூடியது. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. அந்த அம்மா கதவை மூன்று தரம் திறந்து பூட்டிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கிழமையே "எனக்கு இது தெரியாது, காட்டித் தாருங்கள்" என்பதை டேனிஷில் பிழையில்லாமல் சொல்லப் பழகினேன். ஓய்வுபெறும்வரை அங்கே நான் அதிகம் பேசிய வசனம் அதுதான்.