ஏழாம் நம்பர் மட்டை

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு கோல்ஃப் மட்டை சாய்ந்திருக்கிறது. ஏழாம் நம்பர். அதன் தலைக்கு அடியில் ஒரு கோணித்துணியை மடித்து வைத்திருக்கிறேன். என் உயரத்துக்கும் கைக்கும் அது பொருந்தவே பொருந்தாது. தலை கனம், தண்டு முரட்டு இரும்பு. பார்க்கிறவர்கள் எல்லாம் மாற்றச் சொல்கிறார்கள், நான் சிரித்து மழுப்பிவிடுகிறேன். அதைத் தேர்ந்தெடுத்தவர் என் மாமனார். அவர் வாழ்க்கையில் ஒருநாளும் கோல்ஃப் ஆடியதில்லை.

பெங்களூரு ஆபீசில் எங்கள் மேலதிகாரிகள் கோல்ஃப் ஆடுகிறவர்கள். பதவி உயர்வெல்லாம் அந்தப் புல்தரையில்தான் முடிவாகிறது என்று புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது. சரி, ஆடித்தான் பார்ப்போமே என்று ஒரு கடைக்குப் போனேன். புதிதாக ஆடுகிறவருக்கு முழு செட் எதற்கு, ஒரு ஏழாம் நம்பர் போதும், நீளமும் கனமும் கைக்கு ஒத்துவர வேண்டும் என்று சொல்லி, கடைக்காரர் மூன்று பழைய மட்டைகளைக் கொடுத்தனுப்பினார். அடித்துப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் திருப்பிவிட வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் மாரிக்குப்பம் ரயிலில் ஒரு அம்மாள், "கர்ட்டன் ராடா?" என்று விசாரித்தார்.

ஞாயிறு காலை, எங்கள் வீடு இருக்கும் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனிலிருந்து பழைய கோல்ஃப் மைதானத்துக்கு நடந்தேன். அதற்கு அடியில்தான் மூடிப்போன தங்கச் சுரங்கம். மாமனாரும் கூட வந்தார். சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு முதல் ஆளாக உள்ளே போய், இரும்புக் கம்பியால் பாறையைத் தட்டி, அது கெட்டியா பொள்ளலா என்று சத்தத்தை வைத்துச் சொல்வதுதான் அவர் வேலையாக இருந்தது. அவர் சரியென்றால்தான் மற்றவர்கள் போவார்கள். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் விடவில்லை. தேங்காய், தர்பூசணி, என் கல்யாண பீரோ, எதையும் தட்டித்தான் பார்ப்பார்.

மட்டைகளையும் வாங்கித் தரையில் தட்டினார். முதல் இரண்டும் இலேசான கார்பன் தண்டு. "இது சத்தத்த முழுங்குதும்மா" என்று ஒதுக்கினார். இரும்புத் தண்டை மூன்று முறை தட்டிவிட்டு, பிடியில் காதை வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னா மாமா ஆச்சு?"

"கீழேர்ந்து யாரோ திருப்பித் தட்றாங்கம்மா."

சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, கீழே முழுக்கத் தண்ணீர். அதைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடியே, வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொன்னார். அவர் சரியென்று சொன்ன இடத்தில் ஒருநாள் பாறை சரிந்து, அவருடைய கூட்டாளி உள்ளே மாட்டிக்கொண்டார். இவர் கம்பியால் தட்டினார். உள்ளேயிருந்து மூன்று தட்டு வந்தது. சுரங்கத்தில் மூன்று என்றால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குள் தலைக்கு மேலே பாறை முனகியது. ஓடி வந்துவிட்டார். வெளியே வந்து, தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். கூட்டாளியின் மனைவியிடமும் அதையேதான் சொன்னார். தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"பயத்துல எனக்கு அப்டிக் கேட்டுச்சோ இன்னாவோ. நீ கேட்டுச் சொல்லும்மா. நீ சொன்னா நம்புறேன்."

மட்டையை வாங்கித் தட்டினேன். உள்ளங்கைக்குள் மெல்ல வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்ல மாமா. உங்க கை நடுக்கம்தான்."

மட்டையை வாங்கி, அதன் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். பிறகு, "அப்போ அன்னிக்கும் இருந்திருக்காது" என்றார். "இந்தக் குச்சியே வச்சிக்கோம்மா. இது பொய் சொல்லாது."

அதுவரை லைட் எரிந்தால்தான் தூங்குவார். அன்றிலிருந்து அணைக்கச் சொன்னார். போன வருடம் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் நிம்மதியாகத் தூங்கினார், அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

பதவி உயர்வு வரவில்லை. இருந்தாலும் ஞாயிறுகளில் அந்த மைதானத்துக்குப் போகிறேன். பந்தில் படுவதற்கு முன்பே மட்டை தரையில் இடிப்பது புதியவர்கள் செய்கிற தப்பு, எனக்கு அது இன்னும் போகவில்லை. இடித்ததும் பிடியை இறுக்கிக்கொண்டு நிற்பேன். மாமனார் இருந்தவரை மூன்று தட்டுதான் வரும். இப்போது மூன்று வந்து, கொஞ்சம் விட்டு, இன்னொரு மூன்று வருகிறது. அந்த இரண்டாவது மூன்று, பாறையைத் தட்டிக் கை பழகிய ஒருவர் தட்டுகிற தட்டு.

நான் பதில் தட்டியதில்லை. வீட்டுக்கு வந்து மட்டையைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிறேன். தலை தரையில் படாதபடி துணியை இன்னொரு மடிப்பு மடித்து வைக்கிறேன்.