பதினேழாவது கம்பி

2003, ஆனி மாதம். சின்னமனூரில் எங்கள் வீடு. மகளைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். கூடத்தில் மூன்று ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் பதினொரு கம்பிகள். முப்பத்து மூன்றும் துருப்பிடித்துக் கிடந்தன. நானே பெயிண்ட் அடித்துவிடுவது என்று வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். மகள் தேனிக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

எங்கள் பள்ளத்தாக்கின் ஆனிக் காற்று சாதாரணமானதல்ல. மலை இடைவெளியில் இறங்கி வந்து ஈரப் பெயிண்டின் மேல் வயல் புழுதியை அப்பிவிடும். முந்தின வருடம் வாசல் கேட் அப்படித்தான் சொரசொரப்பாகிப் போனது. அதனால் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, பழைய வேட்டியைக் கிழித்து எல்லா இடுக்கிலும் திணித்தேன்.

"ஒரு கதவையாவது தொறந்து வைங்களேன்" என்றாள் மனைவி.

"தூசி ஒட்டுனா நீயா வந்து தொடைப்ப?"

அவள் முனகிக்கொண்டே பக்கத்து அறையில் படுத்துக்கொண்டாள். நடுவில் ஒரு திரைச்சீலைதான். அவளுக்கு இழுப்பு உண்டு. தூக்கத்திலும் இருமுவாள்.

அகலச் சட்டியில் தின்னரை ஊற்றி, துணியை நனைத்துக் கம்பிகளைத் துடைத்துத் துடைத்துப் பெயிண்ட் அடித்தேன். பத்துக் கம்பி வரை நெடி மூக்கில் ஏறியது. பிறகு அது தெரியவே இல்லை. சுகமாக இருந்தது. வெளியே அலறிய காற்று, எங்கோ தொலைவில் வாய்க்கால் ஓடுவதுபோல் கேட்டது. கம்பிகள் பந்தல் கால்களாயின. நடுவே திராட்சைக் குலைகள் மெல்ல ஆடின. மகள் கல்யாணம், என் ரத்த அழுத்தம், எதைப் பற்றியும் கவலையில்லை. பதினேழு என்றேன். அடுத்ததற்கும் பதினேழு. அதற்கடுத்ததும் பதினேழு.

முப்பத்திரண்டு வருடம் நிலம் அளந்தவன் நான். எண் தவறாது. அந்தப் பதினேழுதான் எங்கோ உறுத்தியது. அப்போதுதான் கவனித்தேன், இருமல் சத்தமே இல்லை.

எழுந்தால் கால்கள் நிற்கவில்லை. தவழ்ந்து போய் வாசல் தாழ்ப்பாளை நீக்கினேன். கதவை இழுத்தால் அசையவில்லை. அடியில் நான் திணித்த வேட்டி. பெயிண்ட் டப்பாவால் கதவில் அடித்தேன், எத்தனை தடவை என்று தெரியாது. பக்கத்து வீட்டு ராவுத்தர், ஏலக்காய் வியாபாரி, வெளியிலிருந்து தோளால் முட்டித் திறந்தார்.

"என்னண்ணே, தெருவே நாறுது. மதினி எங்கன இருக்காக?"

அவரும் அவர் மனைவியுமாக அவளை வெளியே தூக்கி வந்து காற்றில் கிடத்தினார்கள். சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தாள். கண் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அடிச்சு முடிச்சாச்சாக்கும்?"

ராவுத்தர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

"சொகமா இருந்துச்சுங்கிறீக பாருங்க, அங்கனதான் ஆபத்தே" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். "நெடி மூக்குக்குப் பழகிரும். மூளைக்குப் பழகாது."

மீதிக் கம்பிகளின் துருவைப் பார்த்துக்கொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் காபி குடித்தார்கள். சம்பந்தம் பேசி முடிந்தது. அந்தக் கம்பிகளுக்கு நான் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. மதியம் அவள் படுத்திருக்கும்போது மூன்று ஜன்னலும் திறந்தே கிடக்கும். உள்ளே வந்து படிகிற புழுதியை விட்டுவிட்டு, அவள் இருமுவதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பேன்.