பள்ளத்தாக்குக்குப் போகும் மண் ரோட்டு

அமெரிக்கா என்று மகள் சொன்னபோது நான் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். உயரக் கட்டடங்களும் அகலமான தெருக்களும்தான் என் மனதில் இருந்தன. வருகிற பங்குனியில் அவளுக்குக் கலியாணம். அதன் பிறகு லண்டனுக்குப் போய்விடுவாள். அதற்கு முன்னம் நாங்கள் மூன்று பேரும் மட்டும் ஒரு பயணம் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. நாலு நாள், ஒரு வாடகைக் கார், சிவப்புக் கல் பள்ளத்தாக்குகள் இருக்கிற சில பூங்காக்கள். பூங்கா என்றதும் மனைவி பூக்களைத்தான் நினைத்திருப்பாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம், சுவிஸில், துன் நகரத்தில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் லப்டொப்பைத் திறந்து வைத்து மகள் படங்களைக் காட்டினாள். பூவும் இல்லை, புல்லும் இல்லை. கல், மண், அதற்கு மேலே மேகமில்லாத வானம். மனைவி வடிவாக இருக்கிறது என்றாள். எனக்கு அந்த மண்ணின் நிறம் தெரியும். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனேன்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அதற்குப் பிறகு நானும் ஒரு இடத்தில் நிலையாக நின்றதில்லை. கொழும்பு, ஆபிரிக்காவில் இரண்டு மூன்று நாடுகள், பிறகு இங்கே. டாவோஸில் ஹொட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். அங்கேயே இருந்திருந்தால் சமையலுக்கு ஏற்றியிருப்பார்கள் என்று சொன்னார்கள். எனக்குக் கொஞ்சக் காலத்தில் அந்த ஊர் அலுத்துவிட்டது, வெளிக்கிட்டுவிட்டேன். இப்போது ஹொட்டல்களுக்குச் சலவைத் துணி ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறேன். பனி கொட்டுகிற நாளிலும் மலைப்பாதையில் ஓட்டப் பயந்தவன் இல்லை. அதனால்தான் அந்தக் கடைசி நாள் பயணத்துக்கு நான் மாட்டேன் என்றபோது வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

கடைசி நாளுக்கு மகள் ஒரு ஒடுங்கின பள்ளத்தாக்கை வைத்திருந்தாள். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கக் கல்லும் தட்டுமாம். அங்கே போக, தார் போடாத மண் ரோட்டில் அரை நாள் கார் ஓட்ட வேண்டும். கடை இல்லை, போன் சிக்னல் இல்லை. மற்ற இடங்களெல்லாம் எல்லாரும் போகிற இடங்கள், இதற்காகத்தான் முழுப் பயணமுமே என்றாள்.

நான் முதலில் கார் ரயர் தாங்காது என்றேன். மண் ரோட்டுக்கென்று உயரமான கார் இருக்கிறது என்றாள். மழை பெய்தால் பள்ளத்தாக்கில் வெள்ளம் வருமே என்றேன். காலையில் கேட்டுவிட்டுத்தான் போவோம் என்றாள். காப்புறுதி என்றேன், அதையும் பார்த்து வைத்திருந்தாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. என்னிடம் இருந்த காரணத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

மனைவிக்கு வேறு கவலை. நாங்கள் கார் வாங்கியபோது திரிம்பாக்கில் இருக்கிற எங்கள் ஆட்களின் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, ரயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தான் வீட்டுக்கு எடுத்து வந்தோம். வாடகைக் காருக்கும் அப்படிச் செய்யலாமோ என்று கேட்டாள்.

"செய்யுங்கோ அம்மா," என்றாள் மகள். "கார் தாறவன் திறப்பைப் பறிச்சுப்போட்டு எங்களை நடந்து போகச் சொல்லுவான்."

அன்றைக்குச் சிரித்தது அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு மகள் தான் இருக்கிற பேர்னிலிருந்து வந்தபோது சப்பாத்தைக் கழற்றும்போதே முகம் இறுகியிருந்தது. மனைவி வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் லீவு கேட்க அந்தக் கிழமைதான் கடைசி. அன்றைக்கே முடிவு தெரிய வேண்டும். மகள் கதிரையை எனக்கு நேரே இழுத்துப் போட்டாள்.

"நீங்கள் வரேல்லை எண்டா வரேல்லை எண்டு சொல்லுங்கோ அப்பா. நான் என்ர தோழியோட போறன். சும்மா ரயர், மழை எண்டு சாட்டுச் சொல்லாதேங்கோ."

அவள் தோழியோடு போனால் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போவது இனி நடக்காது என்று எனக்குத் தெரியும். மனைவிக்கும் தெரியும். அவள் கத்தரிக்காய் வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

தண்ணி காணாது என்றேன். ஆளுக்கு எவ்வளவு கொண்டுபோகிறோம் என்று மகள் சொன்னாள். அது நிறையத்தான். இருந்தாலும் நான் விடவில்லை. கொண்டுபோவது பெரிய காரியம் இல்லை, மிச்சம் பிடிக்கத் தெரிய வேண்டும், வாயை மட்டும் நனைத்துவிட்டு மூடிவிட வேண்டும், மிச்சத்தைக் கடைசிக்கு வைத்திருக்க வேண்டும் என்று, எல்லாம் தெரிந்தவன் போலச் சொல்லிக்கொண்டு போனேன்.

மகள் லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அங்கே பூங்கா ஆட்கள் எழுதி வைத்திருப்பதே வேறு மாதிரி என்றாள். தண்ணியை மிச்சம் பிடிக்கக் கூடாதாம், குடித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். போத்திலில் தண்ணி இருக்கும்போதே செத்துப்போன ஆட்களைக் கண்டெடுத்திருக்கிறார்களாம்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். நான் கோபப்பட்டுவிட்டேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

"அது உண்மைதான்," என்றேன்.

பிறகு சொன்னேன். ஆபிரிக்காவில் பாலைவனத்தைக் கடக்க, லொறியின் பின்பக்கத்தில் எங்களை நெருக்கி ஏற்றியிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் மட்டக்களப்புப் பக்கத்து ஆள் ஒருவர். பெயர் கேட்டு வைக்கவில்லை, மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். ஏறும்போது, காசு வாங்கி எங்களைக் களவாக நாடு கடத்திய ஏஜென்சிக்காரன் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணி தந்தான். இனித் தர மாட்டேன், கடைசி வரைக்கும் வைத்திருங்கோ என்றான். நாங்கள் பலர் பொறுக்கமாட்டாமல் குடித்தோம். அந்த ஆள்தான் சொன்னபடி நடந்தவர். நாக்கை நனைப்பார், மூடுவார். ஒரு மத்தியானம் சம்பந்தமில்லாமல் ஏதோ கதைத்தார், பிறகு கதைக்கவில்லை. அவரை இறக்கி மண்ணுக்கு மேல் கல் அடுக்கினோம். லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அவருடைய கானில் பாதிக்கு மேல் தண்ணி இருந்தது. அதை நாங்கள் பங்கிட்டுக் குடித்தோம்.

லொறியைப் பற்றி மனைவிக்குத் தெரியும். இது தெரியாது. அவள் கத்தியைக் கழுவத் தொடங்கினாள். அது கழுவத் தேவையில்லாத கத்தி.

"சரியப்பா," என்றாள் மகள். "நாங்கள் அந்த ரோட்டை விடுவம். வேற இடம் இருக்குத்தானே."

அவளுடைய குரல் மாறியிருந்தது. முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தால் அங்குள்ள வயதானவர்களைத் தேற்ற மனைவி கதைக்கிற குரல் அது. இப்போது சரி என்று தலையாட்டினால் நாலு நாளும் காருக்குள் அந்தக் குரலில்தான் என்னோடு கதைப்பார்கள் என்று எனக்குப் பட்டது. அவளுடைய விரல் திரையில் அந்த ரோட்டை அழிக்கப் போனது.

"அழிக்காதை பிள்ளை. போவம். நான் ஓட்டமாட்டன், நீ ஓட்டு."

நான் இருக்கிற காரில் ஸ்டியரிங்கை வேறொருவர் தொட்டதில்லை. மகள் என்னை நம்பாமல் பார்த்தாள்.

"நான் ஓட்டினா நீங்கள் பக்கத்தில இருந்து பிழை பிடிப்பீங்கள்."

"வாயே திறக்கமாட்டன்."

"வாய் என்னத்துக்கு?" என்றாள் மனைவி, தண்ணிக் குழாயை மூடாமலே. "உவர் தொண்டையைச் செருமியே ஆளைக் கொன்றுபோடுவார். பின் சீட்டில என்னோட இருக்கட்டும்."

மகள் சிரிக்கவில்லை. தண்ணி குடியுங்கோ என்று தான் சொன்னால் நான் குடிக்க வேண்டும் என்றாள். ஓம் என்றேன். வாதாடக் கூடாது என்றாள். ஓம் என்றேன். திரும்புவதா இல்லையா என்பதை ஓட்டுகிற ஆள்தான் தீர்மானிப்பது என்றாள். அதற்கு ஓம் என்று வரவில்லை.

"ஒருக்கா மட்டும் எனக்குத் தா," என்றேன். "திரும்பு எண்டு நான் ஒருக்காச் சொன்னா நீ திரும்பவேணும். ஏன் எண்டு கேக்கக்கூடாது."

அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கும் அது லேசான விசயம் இல்லை. அந்த ஒரு சொல்லில் அவளுடைய பள்ளத்தாக்கு போய்விடும்.

"ஒருக்கா," என்றாள் கடைசியில்.

பிறகு லப்டொப்பிலேயே வாடகைக் காரை ஒழுங்கு செய்தாள். சாரதியாகத் தன்னை மட்டும் பதிந்தாள். மனைவி கத்தரிக்காயை மறுபடி வெட்டத் தொடங்கினாள்.

பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் வான் ஓட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன். தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்திலேயே சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மகளுக்கும் அந்தப் பயம் இருக்க வேண்டும். அவள் என்னிடம் கேட்பதில்லை.