நான் எடுத்துக் கொடுத்த பூ

எங்கள் வீட்டில் ஒரு பெரிய காரியம் என் கைக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. சின்ன அத்தை சிங்கப்பூருக்குப் போய்ப் பேருந்து ஓட்டலாமா கூடாதா என்று கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போகிறார்கள். பொட்டலத்தை எடுக்கப் போவது நான். வகுப்பில் நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. மலாய் டீச்சரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர் ஏதோ குலுக்கல் பரிசு என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெள்ளைப் பூவை ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு வெற்றிலையிலும் மடித்துக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். எது எதுவென்று தெரியாத ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டார் கார் வாங்குவதற்குக்கூட இப்படிப் பார்த்துத்தான் வாங்கினார்கள். அந்தக் கார் பாதி நாள் வாசலிலேயே நின்றது வேறு கதை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்களோடுதான் இருந்தார். ஊரில் பள்ளி வேன் ஓட்டினார். ஆள் குள்ளம், சீட்டில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். ஆனால் வேன் அவர் சொன்னபடி கேட்கும். சிங்கப்பூரில் பஸ் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் மூச்சுவிடாமல் நேர்காணலுக்குப் போய்த் தேறிவிட்டு வந்து, சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். எல்லையோரம் ஜேபி நகரத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டும். விடியும் முன்பே சிங்கப்பூர்ப் பாலம் தாண்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

அன்றிலிருந்து அத்தை வேனை ஓட்டிய ஓட்டு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். சந்து முனையில் திரும்பும்போது எதிர்ப்பக்கம் வரைக்கும் அகலமாகப் போய்த்தான் வளைப்பார். "பின்னால நீளமா வால் இருக்குன்னு நெனச்சுக்கோங்க. வால் எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே திருப்பணும்" என்பார். நாங்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக இல்லாத வாலைப் பார்த்துக் கூச்சலிடுவோம். வேன் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வாரம் சிங்கப்பூர் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனோம்.

அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக். அதட்டல் எல்லாம் பலமாக இருக்கும், ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மனிதர் ஆடிப்போவார். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் "எது நல்லாருக்கோ அதக் கொண்டா" என்பார். நன்றாக இல்லாவிட்டால் கொண்டுவந்தவரைத் திட்டலாம் அல்லவா. அத்தை விஷயத்திலும் அதே கதைதான். அம்மாவிடம் புலம்பினார்: "வேணாம்னு சொன்னா என் பொழப்ப அண்ணன் கெடுத்துட்டாருன்னு காலம் பூரா சொல்லுவா. போன்னு சொல்லி நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா சொந்தக்காரங்க எல்லாரும் என்னத்தான் கேப்பாங்க. பேசாம பூக்கட்டிப் பாத்துருவோம்." சொன்ன உடனே அவர் முகம் தெளிந்துவிட்டது. மறுபடியும் சாப்பிட உட்கார்ந்தார்.

இந்தத் துறையில் எனக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். அவர் என் மாமா, அம்மாவின் தம்பி. குளுவாங்கில் டயர் கடையில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு அப்பாவைப் பேசியபோது சாஆ என்ற ஊரில் அம்மா வீட்டார் பூக்கட்டிப் பார்த்தார்கள். அப்போது மாமா சின்னப் பையன். கையை விட்டு வெள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவின் குடித்தனத்தில் எது கோணலாகப் போனாலும் மாமாதான் பொறுப்பு. கூரை ஒழுகினால் மாமா. அப்பா கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டு நேரங்கழித்து வந்தால் மாமா. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் நான் பிறந்தேன். அந்தத் தாமதத்துக்கும் மாமாதான். அம்மா போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார். "உன்ன யாருடா அந்தப் பொட்டலத்த எடுக்கச் சொன்னா? மல்லிகப்பூ வாசத்துல மயங்கி எடுத்துட்ட. இங்க நான் கெடந்து மாரடிக்கிறேன்."

மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டுரியான் பழத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். மீசை முளைத்து, கல்யாணமாகி, கையில் பிள்ளையோடு இருந்த மனிதர் அவர். வீட்டில் எல்லாம் நன்றாக நடக்கும் நாட்களில் மட்டும் அவர் நினைப்பு யாருக்கும் வராது. அதெல்லாம் அம்மாவின் சாமர்த்தியம்.

எனக்கு அவரைப் பார்த்துப் பொறாமை. ஒரு கல்யாணத்தையே எடுத்துக் கொடுத்தவர். அவருக்குச் சமமாக நானும் ஆகப் போகிறேன் என்று அம்மாவின் போனில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் நின்றது.

"வேணாம்லா பாப்பா. வயித்து வலின்னு சொல்லிப் படுத்துக்கோ."

"எனக்கு வலிக்கலையே, மாமா."

"இப்ப வலிக்காது. பின்னாலதான் வலிக்கும்."

போட்டிக்கு ஆள் வருகிறது என்று மாமாவுக்கு வயிற்றெரிச்சல் என்றுதான் நான் முடிவு கட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். செம்பனைக் காட்டின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அம்மன் கோயில். அந்தப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். நான் தீபாவளிக்கு எடுத்த பச்சைப் பாவாடையைப் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நடந்தேன். அம்மாவின் கட்சி சிவப்பு. அத்தையும் அவரும் தினமும் ஒன்றாக உட்கார்ந்து தொடர் பார்த்து அழுகிறவர்கள். அத்தை இருட்டில் பாலம் தாண்டுவதை நினைத்தாலே அம்மாவுக்குப் பயம். அத்தை போனால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும் என்று அம்மா வாய்விட்டே சொன்னார்.

பூசாரி வெள்ளைக்கு மல்லிகையும் சிவப்புக்குச் செம்பருத்தி இதழும் எடுத்ததைப் பார்த்ததும் அம்மா உஷாராகிவிட்டார். தம்பி செய்த தப்பை மகளும் செய்துவிடக் கூடாதே. பையைத் திறந்து தலைவலித் தைலத்தை எடுத்து என் மூக்குக்குக் கீழே பட்டையாகப் பூசிவிட்டார். மல்லிகை என்ன, பக்கத்தில் டுரியான் தோட்டமே இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மேல்மூச்சு வாங்கியது. எரிச்சல் தாங்காமல் நான் குதித்த குதியைப் பார்த்து, கும்பிட வந்த ஓர் அம்மாள் எனக்கு அருள் வந்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பொட்டலங்கள் அம்மன் காலடியில் விழுந்தன. பூசாரி மணியை ஆட்டினார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. கையை நீட்டினேன், முதலில் பட்டதை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

அப்பா விட்ட மூச்சில் சூடமே அணைந்திருக்கும். அம்மா அம்மனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். "அம்மனே சொல்லிட்டா. இனிமே இதுல பேச்சில்ல" என்றார் அப்பா. அவ்வளவு உறுதியான குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு சிங்கப்பூர் பஸ்ஸையே நிறுத்திவிட்டேன்.

அத்தையைப் பார்த்தேன். முகம் வெளுத்துத்தான் இருந்தது. பிறகு பூசாரியிடம் கை நீட்டி அந்தச் செம்பருத்தி இதழை வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டையில் செருகினார்.

"அண்ணே, நான் திங்கக்கெழம வர்றேன்னு சொல்லப் போறேன்."

அப்பாவுக்குப் புரியவில்லை. "செவப்புல்லம்மா வந்துருக்கு."

"பாத்தேன். நீங்க சொல்ல மாட்டேன்னுதான் பூவக் கேட்டீங்க. நான் கேக்கல."

"அம்மன் வேணாங்குது. அத மீறியா போவ?"

"வேணாம்னு சொல்லியும் போனேன்னே இருக்கட்டும். நல்லாருந்தாலும் கெட்டாலும் அது நான் பண்ணது. இதுல உங்க பேரும் வேணாம், பாப்பா பேரும் வேணாம்."

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது என்று கேட்டார். அத்தை அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. "என்னக் கூப்பிட்டுக் கேளுங்க அண்ணி. போன் என்கிட்டதான இருக்கு" என்றார்.

பூசாரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பூ பதில்தான் சொல்லும், காலைக் கட்டிப் போடாது என்று பொதுவாகச் சொல்லி எல்லாருக்கும் அவசரமாகத் திருநீறு கொடுத்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூக்கு வெந்து, கண் வீங்கி, நான் எடுத்துக் கொடுத்த பூவைத் தலையில் வைத்துக்கொண்டு என்ன சொல்கிறார் இவர். வேனில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அத்தை ஓட்டியபடியே கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"கோவமா பாப்பா?"

"நான் எடுத்தத நீங்க மதிக்கல."

"நீ ஒன்னும் எடுக்கல. கைய நீட்டுன, அவ்ளோதான். உன்ன இதுல சேக்கல."

சேர்க்கவில்லை என்றதும் நான் ஓவென்று அழுதேன். அந்த வாரம் முழுக்க என்னைவிட முக்கியமானவள் இந்த ஊரில் இல்லை. இப்போது ஒரே வார்த்தையில் வெளியே தள்ளிவிட்டார். சந்து முனையில் அத்தை வழக்கம்போல அகலமாக வளைத்தார். நான் வாலைப் பார்க்கவில்லை. அவர் பெட்டியோடு ஜேபிக்குக் கிளம்பிய அன்றும் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை.

எடுத்த எடுப்பில் அத்தைக்கு எல்லாம் கூடி வந்துவிடவில்லை. சிங்கப்பூரில் வைத்த ஓட்டுநர் சோதனையில் முதல் தடவை தோற்றார். போனில் சேதி வந்ததும் அம்மா விடவில்லை. பாப்பா எடுத்த பூ அன்றைக்கே சொன்னதே என்றார். ஸ்பீக்கரில் அத்தையின் குரல் எனக்கும் கேட்டது. "பாப்பாவ இழுக்காதீங்க அண்ணி. பெயிலானது நான்." அடுத்த தடவை தேறினார்.

ஒரு நாள் நாங்கள் எல்லாரும் சிங்கப்பூருக்குப் போய் அவர் பஸ்ஸில் ஏறினோம். அவ்வளவு பெரிய வண்டி. அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் அத்தை சுண்டைக்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்தார். ஒரு முனையில் வளைத்தபோது அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு "வாலப் பாரு, வாலப் பாரு" என்று கத்தினார். நானும் கோபத்தை மறந்து கத்தினேன். பிறகு அத்தைக்கு ஒரு கல்யாணமும் நடந்தது, அது நிலைக்கவும் இல்லை. அந்தக் காலத்தில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அப்போதும் அந்தச் செம்பருத்தியைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு பேச்சு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்.

போன தீபாவளிக்கு நான் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜேபியில் பார்க்கும் அலுவலக வேலையை விட்டுவிட்டுப் பினாங்குக்கு ரொட்டி, கேக் செய்யப் படிக்கப் போகிறேன் என்று சொன்னேன். அப்பா உடனே அம்மாவைப் பார்த்தார். அம்மா உடனே சொன்னார்: "பூக்கட்டிப் பாத்துருவோம்."

பூ எடுக்க ஆளும் தயாராக இருந்தது. மாமாவின் கடைசி மகள், எட்டு வயது. சொன்ன மாத்திரத்தில் உள்ளே ஓடி, பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். அம்மா தைலத்தைத் தேடப் போனார். மாமா டுரியானை வெட்டிக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டு மகளையே பார்த்தார்.

"பூவெல்லாம் வேணாம்மா, நான் போறேன்" என்றேன்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அவள் வாயிலிருந்த மிட்டாயை நான் பிடுங்கிவிட்டது போல. "அலமாக், அப்ப நான் எதுக்கு?" என்று கேட்டு, அழுதுகொண்டே கதவைச் சாத்திக்கொண்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், சாயங்காலம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது என்றும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வேனில் அத்தை என்னிடம் சொன்னதே அப்போது எனக்குப் புரியவில்லையே.

மாமா மறுபடியும் கத்தியை எடுத்தார். பழத்தைப் பிளந்து, இருந்ததிலேயே பெரிய சுளையாக எடுத்து, தன் அக்காவின் தட்டில் வைக்காமல் என் தட்டில் வைத்தார்.