கன்னியா வெந்நீர்க் கிணறு பார்க்கப் போன கதை

மாமா இன்று அம்மாவையும் அண்ணனையும் என்னையும் கதிரவெளியிலிருந்து கன்னியாவுக்குக் கூட்டிப்போனார். "வெந்நீர்க் கிணறு பார்த்து, குளிச்சிட்டு வருவம்" என்றார்.

செத்துப்போன தாய்க்கு அந்தியேட்டிச் சடங்கு செய்ய இராவணன் உண்டாக்கிய ஏழு கிணறுகளாம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடாம். வேனில் வரும்போது மாமா சொன்ன இந்தக் கதையை ரசித்துக் கேட்டேன்.

நான் குளித்துவிட்டு வந்தபோது அங்கே ஓர் ஐயர், அண்ணனின் கையில் எள்ளை வைத்து அப்பாவின் பெயரைக் கேட்டார். அண்ணன் தயங்காமல் சொன்னான்.

மாரிகாலத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன அப்பா இன்னும் கரைக்கு வரவில்லை, அவ்வளவுதான். இறந்ததாக யாரும் கண்டு சொல்லவில்லை.

"அம்மா, உங்களுக்கும் தெரியுமா?"

"ஓம் புள்ள. சொன்னா நீ வரமாட்டாய்."

வீட்டில் கேட்கப் பயம். அதனால் ஒளித்திருந்து இந்த முகநூல் குழுவில் கேட்கிறேன்.

அப்பா வந்து நின்றால் இந்தச் சடங்கை எப்படி ரத்துச் செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.